மருந்து அடிக்கும் பெண்களுக்கு அளவான மேல்சட்டை

மதுரை சுற்றுவட்டாரத்தில் பருத்திக் காட்டிலும் மல்லிகைத் தோட்டத்திலும் வேலை செய்யும் பெண்கள், சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். வெயிலுக்கு அது போதும். மருந்து கலக்கவும் அடிக்கவும் போதாது. தோள் இறங்கி, கை தொளதொளவென்று கரைசலில் நனையும். மடித்து விட்டால் முன்கையில் மருந்து படும். இடுப்பில் பிடித்தால் குனிய முடியாமல் பட்டனைக் கழற்றி விடுவீர்கள்.

பெண்களின் உடல் அளவு வேறு. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், வேளாண் தொழிலாளர்களின் 79 உடல் அளவுகளை ஆண், பெண் இருவரிடமும் எடுத்து, 2009ல் நூலாக வெளியிட்டது. கருவிகளை வடிவமைக்க எடுத்த அளவுகள் அவை. சட்டை தைக்க உங்களுக்குச் சில அளவுகளே போதும். வயலுக்கு உடுத்தும் சேலையோடு நின்று அளவெடுங்கள்.

மார்பு: முந்தானைக்கு மேல் சுற்றி அளந்து, 4 முதல் 6 அங்குலம் தளர்வு சேர்க்கவும்.

இடுப்புக்குக் கீழ்: களை எடுப்பதுபோல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளக்கவும். நின்று எடுத்த அளவு பிடிக்கும்.

தோள்: ஒரு தோள் எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை.

கை நீளம்: முழங்கையை மடக்கி, தோள் முனையிலிருந்து முழங்கை வழியாக மணிக்கட்டு வரை. நீட்டி அளந்தால், கை மடங்கும்போது சட்டை மேலேறிவிடும்.

முதுகு: குனிந்த நிலையில், பின்கழுத்து எலும்பிலிருந்து அளக்கவும்.

கையுறை: கட்டை விரலை விட்டு, உள்ளங்கையை விரல் முட்டிகளின் மேல் சுற்றி அளக்கவும். 7 அங்குலம் என்றால் 7ம் எண் கையுறை.

தைத்ததும் போட்டுப் பாருங்கள். இரு கைகளையும் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். மணிக்கட்டு தெரிந்தால் கை நீளத்தைக் கூட்டச் சொல்லுங்கள். தாழ்வான செடிக்கு அடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்கட்டும். தலைக்கு மேல் அடிக்கும்போது சட்டைக் கையைக் கையுறைக்குள் விடவும். மாற்றிச் செய்தால் வழியும் மருந்து கையுறைக்குள்ளோ சட்டைக் கைக்குள்ளோ இறங்கும்.

பருத்தித் துணி மருந்தை உறிஞ்சும். எனவே அளவான சட்டை மட்டும் முழுப் பாதுகாப்பு அல்ல. மருந்து லேபிளில் சொன்ன கையுறை, முகக்கவசம், கண்ணாடியும் அவசியம். நனைந்த சட்டையை உடனே கழற்றி, மற்ற துணிகளோடு சேர்க்காமல் துவைக்கவும்.

களப்பணியாளர்கள் மகளிர் குழுவுக்கு மொத்தமாகத் தைக்கும்போது ஒரே அளவில் வாங்க வேண்டாம். எல்லோரையும் அளந்து, சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரியுங்கள். பொருந்தாத சட்டை கொடியில்தான் தொங்கும்.