வெளிக்களக் கத்திக்கு ஏற்ற உருக்கு எது? – தெரிவின் அடிப்படைகள் பற்றிய ஒரு நோக்கு

பிரான்சு நாட்டின் சவோய்ப் பிரதேசத்தில் 1890ஆம் ஆண்டு யோசெப் ஒப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக்கத்தி இன்றும் உலகெங்கும் விற்பனையாகின்றது. அதன் பிடி, வடிவம், அளவு ஆகியன மாறாதிருக்க, அலகு மட்டும் இருவகை உருக்குகளிற் கிடைக்கின்றது. ஒன்று காபன் உருக்கு. மற்றையது துருவேறா உருக்கு. சுவீடனின் மோரா நகரத்திற் செய்யப்படும் கத்திகளும் இவ்வாறே இருவகையாக விற்கப்படுகின்றன. ஒரே தொழிலுக்கென ஒரே வடிவிற் செய்யப்படும் கருவிக்கு இரு உருக்குகள் ஏன்? இரண்டில் ஒன்று சிறந்ததாயின் மற்றையது நூறாண்டுக் காலப் போட்டியில் ஒழிந்திருக்க வேண்டுமல்லவா?

இவ்வினா தனிமனித விருப்பம் பற்றிய சிறு வினாவாகத் தோன்றக்கூடும். ஆயின் இன்றைய கத்திச் சந்தையில் உருக்கின் குறியெண்ணே கத்தியின் பெறுமதியை அளக்கும் கோலாகக் காட்டப்படுகின்றது. அலகிற் பொறிக்கப்பட்ட சில எழுத்துகளும் இலக்கங்களும் விலையைப் பன்மடங்காக உயர்த்துகின்றன. அக்குறியெண் எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பதை அறியாத ஒருவர், தம் தொழிலுக்கு ஒவ்வாத பண்பொன்றுக்குப் பெரும்பணம் செலுத்துபவராகின்றார். காட்டிலும் வயலிலும் கடலோரத்திலும் பணிபுரிவோர்க்கு இதன் விளைவு பண இழப்புடன் நின்றுவிடுவதில்லை. ஊரிலிருந்து வெகுதொலைவில் கத்தி முறியுமாயின் அவர்தம் வேலையும், சில வேளை பாதுகாப்பும், அதனுடனேயே முறிந்துவிடுகின்றன.

ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளமுள்ள மடங்காத அலகினையுடையதும், மரஞ் சீவல், கயிறறுத்தல், உணவு தயாரித்தல், சிறு விறகு பிளத்தல் முதலிய பல தொழில்களுக்கும் உதவுவதுமான கத்தியையே வெளிக்களக் கத்தி என இங்கு கொள்கின்றோம். அதற்குரிய உருக்கைத் தெரிவு செய்யும் அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு பண்புகள்

கத்தி உருக்கொன்றை மதிப்பிடுகையில் நான்கு பண்புகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, அடியையும் வளைவையும் தாங்கி முறியாதிருக்கும் தாங்குதிறன். இரண்டாவது, கூர் நெடுநேரம் மழுங்காது நிற்கும் தன்மை. மூன்றாவது, துருவை எதிர்க்கும் தன்மை. நான்காவது, மழுங்கிய கூரை எளிதில் தீட்டியெடுக்கத்தக்க தன்மை. விற்பனை விளம்பரங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் பெரிதும் புகழ்கின்றன. முதலாவதையும் நான்காவதையும் பற்றி அவை பேசுவது குறைவு.

இந்நான்கையும் ஒருங்கே உச்சநிலைக்குக் கொண்டுவருதல் இயலாது. அதற்கான காரணம் உருக்கின் உள்ளமைப்பிலேயே உள்ளது.

காபனும் காபைட்டுகளும்

உருக்கு என்பது இரும்புடன் சிறிதளவு காபன் சேர்ந்த கலப்புலோகமாகும். உரிய வெப்பநிலைக்குச் சூடாக்கப்படும்போது காபன் இரும்பினுட் கரைகின்றது. அந்நிலையில் அதனை எண்ணெயிலோ நீரிலோ தோய்த்து விரைந்து குளிரச்செய்தால், கரைந்த காபன் வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டு, இரும்பின் பளிங்கமைப்பைத் திரிபடையச் செய்கின்றது. இவ்வாறு தோன்றும் வன்மைமிக்க அமைப்பு, ஜேர்மனிய உலோகவியலாளர் அடொல்ப் மாட்டென்சின் பெயரால் மாட்டென்சைட்டு எனப்படும். கரைந்துள்ள காபன் ஏறத்தாழ 0.6 சதவீதத்தை எட்டும்வரை மாட்டென்சைட்டின் வன்மை வேகமாக உயர்கின்றது. அதற்கப்பாற் சேர்க்கப்படும் காபனால் வன்மை அவ்வளவாக உயர்வதில்லை. அதன் பெரும்பகுதி உலோகங்களுடன் இணைந்து காபைட்டுத் துணிக்கைகளாக நின்றுவிடுகின்றது.

இக்காபைட்டுகளே கூரை நெடுநேரம் காப்பவை. விக்கர்சு அளவீட்டில் இரும்புக் காபைட்டின் வன்மை ஏறத்தாழ 1000 ஆகும். குரோமியக் காபைட்டு 1500 அளவினையும், வனேடியக் காபைட்டு 2800 அளவினையும் எட்டுகின்றன. தேய்வை எதிர்க்கும் இத்துணிக்கைகள் மிகுந்த உருக்கு, கயிற்றையும் அட்டையையும் நெடுநேரம் அறுக்கும். ஆயின் அதே துணிக்கைகள் நொறுங்கும் இயல்பினவாதலால், அவை பெரிதாகவும் மிகுதியாகவும் உள்ள உருக்கில் வெடிப்புத் தொடங்குதல் எளிது. ஆகவே கூர் நிலைப்பதற்குக் காரணமான பொருளே தாங்குதிறனைக் குறைப்பதற்கும் காரணமாகின்றது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டாற் குறியெண்களின் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

சில எடுத்துக்காட்டுகளை நோக்குவோம். 5160 எனப்படும் உருக்கில் ஏறத்தாழ 0.6 சதவீதக் காபனும் 0.8 சதவீதக் குரோமியமும் உண்டு. வாகனங்களின் வில்தகடுகளுக்குப் பயன்படும் இவ்வுருக்கு, பெருங்காபைட்டுகள் இன்மையால் அடியை நன்கு தாங்கவல்லது. 1095 உருக்கில் காபன் 0.90 முதல் 1.03 சதவீதம் வரை உண்டு. அது நுண்ணிய கூரை ஏற்கும், ஆனால் 5160 அளவுக்கு அடி தாங்காது. 1.5 சதவீதக் காபனும் 12 சதவீதக் குரோமியமும் கொண்ட டி2 உருக்கிலோ பெரிய குரோமியக் காபைட்டுகள் மலிந்துள்ளன. தொழிற்சாலை அச்சுகளுக்கென உருவான அவ்வுருக்கு கூரை நெடுநேரம் காக்கும். பக்கவாட்டில் நெம்பினால் வாய் சிதையும்.

காபைட்டுகளை நுண்ணியதாக்கி இக்குறையைத் தணிக்கும் முயற்சியாகவே தூள் உலோகவியல் முறை 1970களில் உருக்குத் தொழிலில் இடம்பெற்றது. உருகிய உலோகத்தை வாயுத் தாரையாற் சிறு துளிகளாகச் சிதறடித்து, விரைந்து உறைந்த அத்தூளை உயர் அழுத்தத்தில் ஒன்றாக்குவது அம்முறை. 2001ஆம் ஆண்டு வெளிவந்த எஸ்30வி உருக்கு இவ்வகையினது. அதில் 1.45 சதவீதக் காபன், 14 சதவீதக் குரோமியம், 4 சதவீத வனேடியம் என்பன உள்ளன. இம்முறை முரண்பாட்டைத் தணித்ததேயன்றி நீக்கிவிடவில்லை.

துருவேறாமை என்பதன் பொருள்

உருக்கிற் போதிய குரோமியம் கரைந்திருப்பின், அதன் மேற்பரப்பிற் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தோன்றி உள்ளேயுள்ள இரும்பைக் காக்கின்றது. இதற்கு ஏறத்தாழ 11 சதவீதக் குரோமியம் தேவை. ‘கரைந்திருப்பின்’ என்ற சொல்லே இங்கு முக்கியமானது. டி2 உருக்கில் 12 சதவீதக் குரோமியம் இருந்தும் அது துருவேறா உருக்கெனக் கொள்ளப்படுவதில்லை. காரணம், குரோமியத்தின் கணிசமான பகுதி காபைட்டுகளுட் சிறைப்பட்டுள்ளமையாகும். மாறாக, சுவீடனிற் சவர அலகுகளுக்கும் கத்திகளுக்குமென உருவாக்கப்பட்ட 12சி27 உருக்கில் 0.6 சதவீதக் காபனும் 13.5 சதவீதக் குரோமியமுமே உள்ளன. காபன் மட்டாக இருப்பதால் குரோமியத்தின் பெரும்பகுதி விடுபட்டு நின்று துருவை எதிர்க்கின்றது. காபைட்டுகளும் நுண்ணியனவாக அமைகின்றன. 14சி28என் உருக்கில் 0.11 சதவீத நைதரசன் சேர்க்கப்பட்டமையால் துரு எதிர்ப்பு மேலும் உயர்ந்தது.

எனினும் துருவேறா உருக்கும் துருவேறக்கூடியதே. கடல்நீரிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளைத் தோற்றுவிக்கும். காபன் உருக்கின் துருவோ பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தோன்றுவதால், உடன் துடைத்து எண்ணெய் பூசினால் தடுக்கத்தக்கது. அமிலமுள்ள பழங்களை வெட்டும்போது அவ்வலகு கறுத்துவிடுகின்றது. வாழைப்பூ அரிந்த அரிவாள்மணையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அக்கறுப்பு அலகுக்குக் கேடு செய்வதில்லை. செந்துருவை ஓரளவு தாமதப்படுத்தவும் செய்கின்றது.

குறியெண் கூறாதது

1913ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்களின் தேய்வைக் குறைக்கும் வழியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 12.8 சதவீதக் குரோமியமும் 0.24 சதவீதக் காபனும் கொண்ட உருக்கை வார்த்தார். அது அமிலத்தால் எளிதில் அரிக்கப்படாமையைக் கண்டு, கத்திகளுக்கு ஏற்றதெனக் கருதி அந்நகரக் கத்தித் தொழிலாளரிடம் கொடுத்தார். முதலிற் செய்யப்பட்ட கத்திகள் கூர் கொள்ளவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என அவர் எள்ளப்பட்டார். காபன் குறைவாயிருந்தமை ஒருபுறமிருக்க, பழகிய காபன் உருக்கைக் கையாளும் முறையிலேயே தொழிலாளர் புதிய உருக்கையும் கையாண்டமை பெரும் காரணமாயிற்று. 1095 போன்ற உருக்கை ஏறத்தாழ 800 பாகை செல்சியசிலிருந்து தோய்க்கலாம். துருவேறா உருக்கிலுள்ள குரோமியக் காபைட்டுகள் கரைவதற்கு 1050 பாகையளவு வேண்டும். உரிய வெப்பப் பதம் அறியப்பட்ட பின்னரே துருவேறாக் கத்தி மதிப்புப் பெற்றது.

இவ்வரலாறு இன்றும் பொருந்துவதாகும். தோய்த்த நிலையில் 1095 உருக்கின் வன்மை ரொக்வெல் சி அளவீட்டில் ஏறத்தாழ 65 ஆகும். அந்நிலையில் அது கண்ணாடிபோல் நொறுங்கும். அதனை 200 பாகையளவில் மீளச் சூடாக்கிப் பதப்படுத்தினால் வன்மை 60 அளவுக்கு இறங்கித் தாங்குதிறன் கூடும். ஒரே குறியெண் தாங்கிய இரு அலகுகளில் ஒன்று செவ்வையாகப் பதப்படுத்தப்பட்டும் மற்றையது அவசரத்திற் செய்யப்பட்டும் இருக்கலாம். வாங்குவோர் கண்ணுக்கு அவை ஒன்றாகவே தோன்றும். பெயர்பெற்ற உருக்கு தவறான பதத்திலிருப்பதைக் காட்டிலும், எளிய உருக்கு சரியான பதத்திலிருப்பது மேலானது. அலகின் வடிவத்தையும் இங்கு சேர்த்துக்கொள்ளல் வேண்டும்: மெல்லிய வாய் எளிதில் வெட்டும், தடித்த வாய் அடியைத் தாங்கும். குறியெண் இவை இரண்டைப் பற்றியும் ஏதும் கூறுவதில்லை. அலகினைச் செய்த தொழிலாளியின் திறன் மறைந்து, மூலப்பொருளின் பெயர் மட்டும் பெறுமதியாகத் தோன்றும் இந்நிலை, பண்டங்கள் மீது சந்தை ஏற்றும் மாயையின் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பழுதும் திருத்தமும்

எந்தக் கத்தியும் காலப்போக்கிற் பழுதுறும். ஆகவே, அது எவ்வாறு பழுதுறும், அப்பழுதை யார் எதனைக்கொண்டு திருத்துவார் என்பனவே தெரிவுக்கு அடிப்படையாகத்தக்க வினாக்கள் என்பது எமது கருத்து. மழுங்கிய கூரைத் தீட்டலாம். மேற்றுருவைத் தேய்த்தகற்றலாம். மடிந்த வாயை நிமிர்த்தலாம். சிதைந்த வாயைச் சீராக்கப் பலமணி நேரம் சாணை பிடிக்க வேண்டும். முறிந்த அலகுக்குக் களத்திற் பரிகாரமில்லை. இவ்வரிசையை ஏற்போமாயின், தாங்குதிறனும் தீட்டல் எளிமையும் முன்னுரிமை பெறுகின்றன. துரு எதிர்ப்பின் இடத்தைச் சூழல் நிர்ணயிக்கின்றது. கூரின் நீடிப்பு இறுதியாகின்றது. விளம்பரங்களின் வரிசைக்கு இது ஏறத்தாழ நேரெதிரானதாகும்.

தீட்டல் எளிமை என்பது வெறும் வசதி பற்றியதன்று. ஆற்றங்கரைக் கல்லில் உள்ள குவாட்சின் வன்மை ஏறத்தாழ 1000. சாதாரண அலுமினியம் ஒட்சைட்டுச் சாணையினது 2000 அளவினது. எளிய காபன் உருக்கை இவை இரண்டும் தீட்டும். வனேடியக் காபைட்டு இரண்டிலும் வன்மையானதாதலால், அது மிகுந்த அலகைச் செவ்வையாகத் தீட்டுவதற்கு வைரத்தூள் பூசிய தகடு வேண்டும். அத்தகடு இல்லாதவர்க்கு அவ்வுருக்கின் சிறப்பு முதற்கூருடன் முடிவடைகின்றது.

இவ்விடத்து எமது நாட்டுக் கம்மாலைகளை நினைவுகூர்தல் பொருந்தும். பழைய லொறி வில்தகட்டை வெட்டிக் கத்தி அடிக்கும் கொல்லர், உலையின் நிறத்தைக் கொண்டு வெப்பத்தையும், அரத்தைக் கொண்டு வன்மையையும் கணிக்கின்றார். காபன் உருக்குக்கு இவ்வறிவு போதுமானது. 1050 பாகையைத் துல்லியமாகப் பேணவேண்டிய துருவேறா உருக்கை அவ்வாறு கண்ணளவாற் பதப்படுத்தல் அரிது. அதற்குக் கட்டுப்படுத்தப்பட்ட தொழிற்சாலை உலை தேவைப்படுகின்றது. எனவே உருக்கின் தெரிவு, கருவியைச் செய்யும் அறிவும் திருத்தும் அறிவும் யாரிடம் இருக்கப்போகின்றன என்பதையும் ஓரளவு தீர்மானிக்கின்றது.

தெரிவு

மேற்கூறியவற்றின் அடிப்படையிற் பின்வருமாறு கூறலாம். கடலோரத்திலும் இடையறா ஈரத்திலும் பணிபுரிபவர்க்கும், கத்தியை அடிக்கடி துடைத்துப் பேண வாய்ப்பில்லாதவர்க்கும், 12சி27, 14சி28என் போன்ற மட்டான காபனுள்ள துருவேறா உருக்கு பொருத்தமானது. அது சாதாரண சாணையிலும் எளிதில் தீட்டப்படும். மரவேலையும் விறகு பிளத்தலும் மிகுந்தவர்க்கு, எண்ணெய் பூசும் பழக்கமும் உண்டாயின், 5160 போன்ற வில் உருக்கோ 1095 போன்ற காபன் உருக்கோ ஏற்றது. சிக்கிமுக்கிக் கல்லால் நெருப்பு மூட்ட விரும்புவோர்க்கும் காபன் உருக்கே உதவும். துருவேறா உருக்கு அக்கல்லுடன் நற்பொறி தருவதில்லை. அட்டை, கயிறு, தோல் முதலியவற்றை நாள்முழுதும் அறுப்பவரும், வைரத்தகடு வைத்திருப்பவரும், கத்தியால் நெம்பாதவரும் எஸ்30வி போன்ற வனேடிய உருக்கால் உண்மைப் பயன் பெறுவர். எத்தகைய வேலை வருமென முன்கூட்டி அறியாத பொதுப்பயனாளருக்கு முதலிரு வகைகளுள் ஒன்றே போதுமானது; அவற்றின் விலையும் பெரும்பாலும் குறைவு.

ஒப்பினெல் கத்தியும் மோராக் கத்தியும் இருவகை அலகுகளுடன் நீடித்து நிற்பதன் காரணம் இதுவே. உருக்கின் தரத்தை அதன் கலவையில் மட்டும் தேடுதல் பொருந்தாது. கலவை, பதம், வடிவம் ஆகிய மூன்றும், கத்தியைக் கையாளும் மனிதர், அவரது சூழல், அவரிடமுள்ள சாணைக்கல் ஆகியவற்றுடன் சேர்த்தே நோக்கப்பட வேண்டும். அவ்வாறு நோக்குமிடத்து, பழுதுபட்டபோது தம் கையாலேயே திருத்திக்கொள்ளக்கூடிய உருக்கே வெளிக்களத்திற் பணிபுரிபவர்க்குத் தக்கது என்பது எமது முடிபாகும்.