காலில் குடிகொண்ட தடிப்பு
மலேசியாவின் லங்காட் நதியோரத்து டெங்கில் வட்டாரத்தில், செம்பனைத் தோட்ட வேலை முடிந்து அந்தியில் ரப்பர் பூட்ஸைக் கழற்றும் தொழிலாளி ஒருவர், கணுக்காலுக்கு மேலே மாதக்கணக்கில் ஆறாமல் அரிக்கும் செந்நிறத் தடிப்பைக் கண்டு, பூச்சிக்கடிதான் என்று தைலம் தடவிச் சமாதானம் அடைவது சகஜம். ஆயினும் அதற்குக் காரணங்கள் பல.

நாளெல்லாம் நின்று உழைப்பவர்களிடம் கால் சிரைகளின் வால்வுகள் தளர்ந்து, இதயத்தை நோக்கி மேலேற வேண்டிய இரத்தம் கீழே தேங்கிவிட, வெளியே கசியும் செவ்வணுக்களின் இரும்புச்சத்து சருமத்தில் படிந்து பழுப்பு நிறம் தருகிறது. மாலையில் மிகும் வீக்கம், காலை உயர்த்திப் படுத்ததும் தணிவது இதன் பிரதான லட்சணம். பூட்ஸின் ரசாயனம் ஒவ்வாவிடில், தடிப்பு பெரும்பாலும் அது உராயும் இடத்தோடு நிற்கும். ஓரம் சிவந்து, நடுப்பகுதி தெளிந்து, வளையமாகப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். அதன்மேல் ஸ்டீராய்டு களிம்பைப் பூசினால், அடையாளம் மறைந்து நோய் மட்டும் பரவும்.

ஆகவே வைத்தியர் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது பயன் தரும். 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசிய வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டமையாலும், அது சருமத் தொற்றையும் ஆறாமையையும் கூட்டக்கூடும் என்பதாலும், இரத்தச் சர்க்கரையைச் சோதிப்பதும் அவசியம். இரத்தத் தேக்கமே காரணமெனில், காலை உயர்த்தி வைத்தல், நடைப்பயிற்சி, ஈரப்பசை காக்கும் களிம்பு, பாதத்தின் நாடித்துடிப்பைப் பரிசோதித்தபின் அணியும் அழுத்தக் காலுறை ஆகியன உதவும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடேறினாலோ, காய்ச்சல் கண்டாலோ, அன்றைக்கே மருத்துவமனையை நாடுவதே விவேகம்.