சம்பளமில்லாமல் ஒரு பேரரசு: தொண்டர்கள் கட்டிய கணினி விளையாட்டு

கணினி விளையாட்டு என்றால் வெளிநாட்டுப் பெரிய கொம்பனிகளின் வேலை என்பதே ஓலைத்தொடுவாயிலும் பேசாலையிலும் பொதுவான எண்ணம். ஆனால் சம்பளம் வாங்காத தொண்டர்கள் 20 வருடங்களுக்கு மேலாகச் செய்துவரும் வியூக விளையாட்டு ஒன்று உண்டு. பெயர் 'சீரோ ஏ.டி.', அதாவது பூச்சிய ஆண்டு. நாட்காட்டியில் அப்படியோர் ஆண்டே இல்லை, கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1.

ரசிகர்கள் தொடங்கியது

1999இல் வெளியான 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் ரசிகர்கள் சிலர், 2001இல் அதன்மீது தங்கள் மாற்றங்களைச் சேர்க்க நினைத்தார்கள். மற்றவர் கட்டிய வீட்டில் சுவரை இடிக்க முடியாது என்பது விரைவில் தெரிந்தது. 2003 அளவில் எல்லாவற்றையும் தாங்களே அடியிலிருந்து செய்யத் தொடங்கினார்கள். விளையாட்டை இயக்கும் மென்பொருள், படங்கள், இசை, வரலாற்று ஆய்வு எல்லாம் அவர்களுடையவையே. 'வைல்ட்ஃபயர் கேம்ஸ்' என்ற இந்தக் குழுவினர் பல நாடுகளில் இருந்து இணையம் வழியே சேர்ந்து வேலை செய்பவர்கள்.

2009இல் நிரலைத் திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டார்கள். படங்களுக்கும் இசைக்கும் பகிர்வுரிமை கொடுத்தார்கள். இந்த முடிவுதான் விளையாட்டைக் காப்பாற்றியது எனலாம். வேலை, படிப்பு, குடும்பம் என்று ஒருவர் விலகினால், அவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது. 2013இல் 160,000 டொலர் திரட்ட முயன்று 33,000 டொலர் அளவே கிடைத்தது. அதன் பிறகும் வேலை நிற்கவில்லை.

விளையாடுவது எப்படி?

உணவு, மரம், கல், உலோகம் சேர்த்து ஊரைக் கட்டி, எல்லையை விரித்து, எதிரியைச் சமாளிக்க வேண்டும். வயலில் வேலை செய்பவரே தேவைப்படும்போது படைவீரராகிறார். ரோமர், கிரேக்கர், பாரசீகர், கார்த்தேஜியர், மௌரியர், ஹான் சீனர் எனப் பல தரப்புகள் உண்டு. மன்னாரில் நாம் பெருக்கமரம் என்று சொல்லும் மரமும் அதில் நிற்கிறது. மற்ற மரங்களைவிடப் பல மடங்கு விறகு தரும் மரம் அது.

'போர் விளையாட்டா?'

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 1990இல் இரவோடு இரவாகப் படகேறியவர்களும், வெளியேற்றப்பட்டவர்களும், முகாம்களில் வளர்ந்தவர்களும் வாழும் தீவு இது. திரையில் ஓர் ஊர் எரிவது எல்லா வீட்டிலும் வெறும் பொழுதுபோக்கு ஆகாது. பிள்ளைக்குக் கொடுக்குமுன் பெரியவர் ஒருவர் விளையாடிப் பார்ப்பது நல்லது. தொடக்கத்தில் குறித்த நிமிடங்களுக்குப் போர்நிறுத்தம் வைக்கும் வசதி அதில் உண்டு. சண்டையே இல்லாமல், வரைபடம் அமைக்கும் 'அட்லஸ்' கருவியில் மட்டும் நேரத்தைச் செலவிடவும் முடியும்.

நமக்கு என்ன?

விளையாட்டு பேசும் காலம் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகள். மன்னார் வளைகுடாவின் முத்து கிரேக்கர்வரை பேசப்பட்ட காலமும், தீவுக்கு எதிரே மாந்தைத் துறைமுகம் இருந்த காலமும் அதுவே. மௌரியருக்கு இடம் கிடைத்த மூலப் பட்டியலில் சேரரும் சோழரும் பாண்டியரும் இல்லை. அங்கே செய்ய ஆள் வந்த வேலைதான் நடக்கிறது. நம்முடையதைச் செய்ய நாம்தான் போக வேண்டும்.

போவதற்கு நிரலாளராக இருக்கத் தேவையில்லை. படைவீரர், கட்டடம் பற்றிய விவரங்கள் சாதாரண எழுத்துக் கோப்புகளில் உள்ளன, திறந்து மாற்றலாம். சொற்களை இணையத்தில் மொழிபெயர்த்து அனுப்பலாம். வரலாறு படித்தவர் பிழை சுட்டலாம்.

பணம் தேவையில்லை. விண்டோஸ், லினக்ஸ், மக் கணினிகளில் இயங்கும், கைத்தொலைபேசிக்கு ஏற்றதல்ல. தரவிறக்கம் பெரியது என்பதால், இணைய வசதி உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். பிரதி எடுத்துக் கொடுப்பதும் சட்டப்படி சரி. அதன்பின் இணையம் இல்லாமலே விளையாடலாம். ஒரே அறையிலுள்ள கணினிகளை இணைத்துப் பலர் சேர்ந்தும் விளையாடலாம். பாடசாலைக் கணினி அறையில் ஒரு மாணவர் குழு முதல் வேலையாக அட்லஸைத் திறந்து மன்னார் தீவை வரைந்து பார்க்கட்டும். மாந்தை எங்கே, பெருக்கமரம் எங்கே என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டிவரும்.