வாயில்லாச் சீவனின் இறுதி நாள்கள்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னரும், ஓர் அம்மையார் மட்டும் கோவிலின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். கணவரை இழந்து நான்கு ஆண்டுகள் ஆனவர். ஒரே மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். உடல்நலம் இல்லையோ என்று எண்ணி அருகில் சென்று விசாரித்தோம்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க சாமி. வீட்டுல மணிதான் கிடையாக் கிடக்குது. நாலு நாளாச் சோறு தொடல. தண்ணி குடிச்சாலும் வாந்தி. வலியில்லாம ஒரு ஊசியில முடிச்சிடலாம்னு டாக்டர் சொல்றாரு. நான் சரின்னு சொன்னா அது பாவமா, சாமி?"

மணி அவர் வீட்டு நாய். உயர்ந்த இனம் ஒன்றுமில்லை. சாதாரண நாட்டு நாய்தான். பதின்மூன்று வயது. அவர் கணவர் நோயுற்றுப் படுத்திருந்த மாதங்களில் கட்டிலின் கீழிருந்து அது அகன்றதே இல்லை. அவரை அடக்கம் செய்த நாளில், கல்லறைத் தோட்டத்தின் வாயில்வரை அது மக்களோடு நடந்து வந்ததை நாமே கண்டோம்.

"நாளைக் காலை வீட்டிற்கு வருகிறோம், அம்மா, அங்கே பேசுவோம்" என்று மட்டும் கூறி அனுப்பினோம். உடனே விடை சொல்லாமைக்கு ஒரு காரணம் உண்டு. அதை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நாம் வேறொரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, பீடச் சிறுவன் ஒருவன் அழுதுகொண்டே வந்தான். அவனுடைய நாய் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டது. அதற்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். குருமடத்தில் பயின்ற தத்துவம் அப்போது நம் நாவில் புதிதாக இருந்தது. விலங்கிற்கு அழியாத ஆன்மா இல்லை என்றும், அதற்காக அழுவது அறியாமை என்றும் விளக்கிச் சொன்னோம். சிறுவன் கண்களைத் துடைத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் முதல் பீடத்திற்கு வரவில்லை. அவன் வீட்டிற்குச் சென்று அவனைக் காண வேண்டும் என்றும் அன்று நமக்குத் தோன்றவில்லை. பாடத்தைச் சரியாக ஒப்பித்துவிட்டு, அழுதுநின்ற பிள்ளையைக் கைவிட்டோம். அந்த அம்மையார் கேட்டபோது, அச்சிறுவனின் முகமே நம் கண்முன் நின்றது.

நோயுற்றார் பணியின் வழியில்

மறுநாள் காலை நாம் சென்றபோது கால்நடை மருத்துவரும் அங்கே இருந்தார். அரசுக் கால்நடை மருந்தகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மணிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்றும், இனி அதைக் குணப்படுத்த மருந்து இல்லை என்றும் கூறினார். "குணப்படுத்த முடியாது என்பதால் நமக்கு வேலை முடிந்துவிடவில்லை, சாமி. இனிமேல்தான் வேலை" என்றார். அவரிடமிருந்து அன்று நாம் பல செய்திகளைக் கற்றுக்கொண்டோம்.

குணமடைய வழியில்லாத மனிதர்களின் வலியைத் தணித்து, அவர்களை இறுதிவரை அன்போடு பேணும் பணி நம் காலத்தில் புத்துயிர் பெற்றது. 1967-ஆம் ஆண்டில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இலண்டனில் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம் அதற்கு வழிகாட்டியாயிற்று. அதே சிந்தனை பின்னர்க் கால்நடை மருத்துவர்களையும் தொட்டது. 2009-ஆம் ஆண்டில், விலங்குகளின் இறுதிக்காலப் பேணுதலுக்கென மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கம் ஒன்று தோன்றியது. 2016-ஆம் ஆண்டில் அச்சங்கமும் அமெரிக்க விலங்கு மருத்துவமனைகளின் சங்கமும் இணைந்து இப்பணிக்கான நெறிமுறைகளை வெளியிட்டன. அந்நாட்டில் வீடுதோறும் சென்று இதையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் கால்நடை மருத்துவர்கள் பலர் உள்ளனர்.

வீட்டிற்கே செல்வது ஏன்? மருத்துவமனையின் நெடியும், முன்பின் அறியாத நாய்களின் குரைப்பும், வண்டியின் குலுக்கலும் நோயுற்ற விலங்கைப் பெரிதும் அச்சுறுத்துகின்றன. தான் வழக்கமாகப் படுக்கும் சாக்கின் மீது, தனக்குப் பழகிய கைகளுக்கு நடுவே இருக்கும் விலங்கிற்கு அந்த அச்சம் இல்லை.

எப்போது என்று எப்படி அறிவது?

"இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமா, டாக்டர்?" என்று அம்மையார் கேட்டார். அன்புள்ள எவரும் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவைச் சேர்ந்த அலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் 2004-ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோல் ஒன்றை மருத்துவர் நமக்கு விளக்கினார். ஏழு கேள்விகள். வலி அடங்கி, மூச்சு எளிதாக வருகின்றதா? உணவு உட்கொள்கின்றதா? உடலில் நீர் வற்றாமல் இருக்கின்றதா? உடல் தூய்மையாக, புண்ணின்றி இருக்கின்றதா? நம்மைக் கண்டால் மகிழ்ச்சி காட்டுகின்றதா? எழுந்து நடமாட முடிகின்றதா? கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா? ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். ஆக மொத்தம் எழுபது. முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால், தக்க மருத்துவத்துடன் தொடர்ந்து பேணலாம். அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், நாம் அதன் வாழ்வை அன்றி வேதனையையே நீட்டுகின்றோம் என்று பொருள்.

அம்மையார் நாள்காட்டியின் பின்புறத்தில் தம் கையாலேயே எண்களை எழுதினார். கூட்டிப் பார்த்தபோது பதினான்கு வந்தது. நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் வற்புறுத்திய சிலவற்றை நம் குடும்பங்களும் மனத்தில் கொள்வது நல்லது. விலங்குகள் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. பூனைகளோ அதை மறைத்தே வைக்கும். ஓய்வாக இருக்கும்போதும் இளைப்பது, படுக்க முடியாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பது, உணவை முகர்ந்துவிட்டு விலகுவது ஆகியவை வேதனையின் அடையாளங்கள். இரக்கப்பட்டு நம் வீட்டிலுள்ள வலி மாத்திரைகளைக் கொடுத்துவிடக் கூடாது. மனிதருக்கான பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே பறித்துவிடும். இபுபுரூஃபன் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மேலும், நாயின் குணம் திடீரென மாறி, விழுங்க இயலாமல் வாயில் எச்சில் வழியுமானால், அது வெறிநோயாக இருக்கலாம். அந்நாயைத் தொட்டுப் பேண முற்படாமல் உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். கடியுண்டவர்கள் ஒரு நாளும் தாமதிக்காமல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பாவமா?

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். 1992-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைப் பற்றி 2415 முதல் 2418 வரையுள்ள எண்களில் பேசுகிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள். அவற்றுக்கு நாம் அன்பு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே இழுக்கு என்பது அதன் போதனை. அதே இடத்தில் மற்றொன்றையும் அது நினைவூட்டுகிறது. மனிதரின் துயர்துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவழிப்பதும், மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை அவற்றின்மீது வைப்பதும் தகாது.

ஆகவே, தீராத நோயால் வதையும் விலங்கின் வேதனையை, வலியற்ற முறையில் மருத்துவரைக் கொண்டு முடிப்பது பாவமன்று. தேவையற்ற துன்பத்தைத் தவிர்க்கும் கடமையில் அதுவும் அடங்கும்.

ஆனால் இங்கே ஒரு கோட்டை அழுத்தமாக வரைய வேண்டியுள்ளது. "நாய்க்குக் காட்டும் இரக்கத்தைப் பாட்டிக்குக் காட்டக்கூடாதா?" என்று படித்த இளைஞர்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறோம். மனிதர் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவர். அவரது உயிருக்கு நாம் உரிமையாளர் அல்லர், அவரும் அல்லர். நோயுற்ற மனிதர் தம் துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைத்து ஒப்புக்கொடுக்க முடியும்; பகையை மன்னிக்க முடியும்; பிரிந்த மகனை அழைத்து ஆசி கூற முடியும். அவருடைய கடைசி நாள் அவருக்கு மீட்பின் நாளாகவும் அமையலாம். பேசவும் நினைக்கவும் இயலாத நிலையிலும் அவர் கடவுளின் சாயலாகவே இருக்கிறார். விலங்கோ தன் வலியை யாருக்கும் ஒப்புக்கொடுக்க அறியாது. வலி அதற்கு வெறும் வலியே. ஆதலால்தான் 1980-ஆம் ஆண்டின் வத்திக்கான் அறிக்கையும், மறைக்கல்வி நூலின் 2277-ஆம் எண்ணும் மனிதரைக் கருணையின் பெயரால் கொல்வதை முற்றிலும் விலக்குகின்றன. அதே வேளையில், பயனற்ற கடுஞ்சிகிச்சையை மறுக்கவும், வலிதணிக்கும் மருந்தைப் பெறவும் நோயாளருக்கு உரிமை உண்டு என்றும் திருச்சபை கற்பிக்கிறது. பாட்டிக்கு நாம் கடன்பட்டிருப்பது மருந்தும், உடனிருப்பும், செபமுமே.

நாட்டின் சட்டமும் ஈண்டு நினைவிற்குரியது. அடுத்த வீட்டுக்காரர் ஒருவர், "கோணிப்பையில் கட்டிச் சந்தைத் திடலில் விட்டுவிடுங்கள்" என்று அம்மையாருக்கு யோசனை கூறியிருந்தார். பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கொடிய முறையில் கொல்வதும் அவ்வாறே.

ஞாயிறு மாலை

ஞாயிறு மாலை மருத்துவர் வந்தார். மகன் அயல்நாட்டிலிருந்து கைப்பேசியில் முகம் காட்டி, "மணி, மணி" என்று அழைத்தார். நாயின் வால் ஒருமுறை தரையைத் தட்டியது. கணவரின் பழைய வேட்டி ஒன்றை விரித்து, அதன் தலையை அம்மையார் தம் மடியில் ஏந்திக்கொண்டார்.

முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் நாய் ஆழ்ந்து உறங்கிற்று. அது நன்கு உறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்ட பின்னரே மருத்துவர் இரண்டாம் மருந்தை நரம்பில் செலுத்தினார். அதுவும் மயக்க மருந்தே. அளவு மட்டும் மிகுதி. மூச்சு நின்றது, பின்னர் இதயம் நின்றது. கண்கள் மூடாமல் இருக்கலாம், உயிர் பிரிந்த பின்னும் ஓரிருமுறை மூச்சு வாங்குவதுபோல் தோன்றலாம், அது வேதனையன்று என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தமையால் எவரும் பதறவில்லை. இதயத் துடிப்பு நின்றதைக் குழாய் வைத்து உறுதிசெய்த பின், "முடிந்தது, அம்மா" என்றார்.

நாம் இறந்தோருக்கான சடங்கு எதையும் செய்யவில்லை, அது மனிதருக்குரியது. அந்த உயிரைப் படைத்து, இந்த வீட்டிற்குத் துணையாகத் தந்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறி, அம்மையாருக்கு ஆறுதல் அருளுமாறு மன்றாடினோம். விலங்குகளுக்கான ஆசியுரை நம் திருச்சபையின் சடங்கு நூலிலேயே உண்டு. சனவரி 17-ஆம் நாள் புனித வனத்து அந்தோணியாரின் திருநாளில் ஆடுமாடுகளை மந்திரித்துத் தருவதும் நம் மக்களிடையே உள்ள வழக்கமே. இளைஞன் தோபியாவின் நெடும்பயணத்தில் உடன் நடந்த நாயை விவிலியம் மறவாமல் குறித்திருக்கிறது.

கிணற்றிலிருந்து தள்ளி, மாமரத்தடியில் மூன்றடிக்கும் மேல் ஆழமாகக் குழி தோண்டி அதைப் புதைத்தார்கள். ஆழம் முக்கியம் என்று மருத்துவர் கூறினார். செலுத்திய மருந்து உடலில் தங்கியிருப்பதால், வேறு நாயோ பறவையோ தோண்டித் தின்றால் அதுவும் மடியும். கல்லறை எழுப்ப வேண்டுமா என்று மகன் கேட்டபோது, அம்மையாரே வேண்டாம் என்றார். அதற்கு ஆகும் பணத்தை வின்சென்ட் தெ பவுல் சபையாரிடம் கொடுக்கச் சொன்னார்.

விடைபெறும் நேரத்தில் அவர் கூறிய சொற்கள் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. "அவரு போனப்ப ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு வெளியதான் நின்னேன், சாமி. உள்ள விடல. கையைப் பிடிக்கக்கூடக் கொடுத்து வைக்கல. இன்னிக்கு மணிக்காவது பக்கத்துல இருந்தேன்."

அந்த நாயின் தலையை அவர் ஏந்தியிருந்தபோது, நான்கு ஆண்டுகளாக அடக்கிவைத்த அழுகையும் சேர்ந்தே வெளிவந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்த அச்சிறுவனின் அழுகைக்குள்ளும் வேறு என்ன இருந்ததோ! நாம் கேட்கவில்லை.

பெற்றோரே, உங்கள் வீட்டுப் பிள்ளை நாய்க்காகவோ பூனைக்காகவோ அழுதால் சிரிக்காதீர்கள். "வேறொன்று வாங்கித் தருகிறேன்" என்று அவசரப்படாதீர்கள். மரணத்தை அப்பிள்ளை முதன்முதலாகக் காணும் நேரம் அது. பொய் சொல்லாமல், அருகில் அமர்ந்திருங்கள்.

இம்மாதம் நம் பங்கில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தோம், பதினொரு பேர். அவர்களுள் மூவருக்கு இரவில் துணையிருக்க ஆள் இல்லை. ஒருவர் வீட்டிற்கு வாரம் இரு இரவுகள் சென்று தங்க அந்த அம்மையார் முன்வந்துள்ளார். மற்ற இருவருக்கும் துணை தேவை. முடிந்தவர்கள் ஞாயிறு பூசைக்குப் பின் நம்மை வந்து பாருங்கள்.