சட்டத்தைவிட்டு அகலாத ஒரு சொல்

புதுதில்லி: இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி விடைபெற்றபோது, அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் நன்கறிந்த 124-ஏ பிரிவும் அதனுடன் மறைந்தது. அப்பிரிவின் உயிர்நாடியாக 154 ஆண்டுகள் விளங்கியது "டிஸ்அபெக்ஷன்" என்னும் ஆங்கிலச் சொல். அன்றாட ஆங்கிலத்தில் அரிதாகவே எழுதப்படும் இச்சொல், பாரதிய நியாய சம்ஹிதையில் அதற்கு மாற்றாக வந்துள்ள 152-ஆவது பிரிவில் இல்லை. ஆனால், அது இந்தியச் சட்டப் புத்தகத்தைவிட்டே நீங்கிவிட்டது என்று கருதினால் தவறு.

இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு இரு பொருள்கள் இருந்தன. உடல் நலக்கேட்டை மருத்துவர்கள் இவ்வாறு குறிப்பிட்டனர். மன்னரிடம் மக்களுக்கு ஏற்படும் மனக்கசப்பும் இதே பெயரால் சுட்டப்பட்டது. மருத்துவப் பொருள் வழக்கொழிந்தது. அரசியல் பொருள் கப்பலேறி இந்தியா வந்தது. மெக்காலே 1837-இல் தயாரித்த வரைவில் இடம்பெற்றிருந்த இப்பிரிவு, 1860-இல் சட்டம் நிறைவேறியபோது விடுபட்டுப் போனது. ஜேம்ஸ் ஸ்டீபன் 1870-இல் அதை மீண்டும் சேர்த்தார்.

பொருள் தேடிய நீதிமன்றங்கள்

சொல்லைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதன் பொருள் என்ன? முதலில் விடை கூற நேர்ந்தது கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு. திருமண உறவுக்கான சம்மத வயதை உயர்த்தும் சட்டத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதிய "வங்கவாசி" இதழ் மீது 1891-இல் வழக்குத் தொடரப்பட்டது. அன்புக்கு எதிரான உணர்வே, அதாவது வெறுப்பே, இச்சொல்லின் பொருள் என்றார் தலைமை நீதிபதி பெத்தரம். அரசின் செயலை ஏற்காமல் இருப்பது வேறு, இது வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டினார். ஜூரிகளிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை. இதழ் நடத்தியவர்கள் மன்னிப்புக் கோரியதையடுத்து வழக்கு கைவிடப்பட்டது.

ஆறு ஆண்டுகளில் சொல்லின் எல்லை விரிந்தது. 1897-இல் பம்பாயில் திலகர் மீதான வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்ட்ரேச்சி, அன்பு இல்லாமையே "டிஸ்அபெக்ஷன்" என்று ஜூரிகளுக்கு விளக்கினார். பகைமை, அவமதிப்பு, அரசின் மீதான எவ்வகை மனக்கசப்பும் அதில் அடங்கும். எழுத்தினால் கலகம் மூண்டதா இல்லையா என்பது பொருட்டல்ல என்றார் அவர். ஐரோப்பிய ஜூரிகள் அறுவர் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவர் நிரபராதி என்றனர். திலகருக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தி, விசுவாசமின்மையும் எல்லாப் பகை உணர்வுகளும் இச்சொல்லில் அடங்கும் என்று விளக்கம் சேர்த்தது அரசு. 1908-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் தண்டனை விதிக்கப்பட்டதும் இப்பிரிவின் கீழ்தான்.

ஆட்சியாளர்களின் கையிலிருந்த சொல்லைப் பறித்துத் தம் ஆயுதமாக்கிக் கொண்டவர் காந்தி. "டிஸ்அபெக்ஷன்" ஒரு நற்பண்பே என்ற தலைப்பில் 1921-இல் "யங் இந்தியா"வில் எழுதினார். 1922 மார்ச் 18-ஆம் தேதி ஆமதாபாத் நீதிமன்றத்தில், அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்ய முடியாது என்று வாதிட்டுவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு ஆண்டு தண்டனையை ஏற்றார். அவருடைய வாதத்துக்கு இன்றுவரை எவரும் தக்க பதில் கூறியதாகத் தெரியவில்லை.

பொது அமைதி கெடும் வாய்ப்பு இருந்தால் மட்டுமே குற்றம் என்று 1942-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியதை, லண்டன் பிரிவி கவுன்சில் 1947-இல் நிராகரித்தது. சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் வழியைத் தேர்ந்தெடுத்தது. சொல் நிலைத்தது, அதன் வீச்சு சுருங்கியது.

மொழிபெயர்ப்பில் மாறிய குற்றம்

இச்சொல்லை இந்திய மொழிகளில் பெயர்ப்பது எளிதன்று. 124-ஏ பிரிவின் ஹிந்தி வடிவம் இதை "அப்ரீதி" என்றது. விசுவாசமின்மை என்பதற்கு அதில் கையாளப்பட்ட சொல் "அபக்தி". அதாவது, குடிமகன் அரசின் மீது பக்தி செலுத்தாமலிருப்பது! தமிழிலோ "ராஜத்துரோகம்" என்று முன்பு எழுதிய நாளிதழ்கள் பின்னர் "தேசத்துரோகம்" என்று எழுதத் தொடங்கின. இது பொருட்பிழை. அப்பிரிவு பேசியது சட்டப்படி அமைந்த அரசைப் பற்றி. தேசத்தைப் பற்றி அன்று. ஆட்சியில் இருப்போருக்கு இந்தக் குழப்பம் வசதியாகவே அமைந்தது.

124-ஏ பிரிவைப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் 2022 மே 11-ஆம் தேதி நிறுத்திவைத்தது. 2023-இல் புதிய மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தபோது, காலனி ஆட்சியின் அந்தப் பிரிவு ஒழிக்கப்படுவதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார்.

ஆனால், அதே சொல் வேறொரு வாசல் வழியாக முன்பே உள்ளே வந்துவிட்டது. 2004-இல் காங்கிரஸ் தலைமையிலான அரசு "பொடா" சட்டத்தைக் கைவிட்டபோது, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. "சட்டவிரோதச் செயல்" என்பதன் இலக்கணத்தில், இந்தியாவுக்கு எதிராக "டிஸ்அபெக்ஷன்" விளைவிப்பதும், விளைவிக்கக் கருதுவதும் சேர்க்கப்பட்டன. இதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமலேயே 180 நாள் வரை காவலில் வைக்கவும் இச்சட்டம் இடமளிக்கிறது.

இரண்டு வேறுபாடுகள் கவனிக்கத்தக்கவை. அரசின் நடவடிக்கைகளைக் கண்டிப்பது குற்றமாகாது என்று வெள்ளையர் எழுதிய பிரிவில் விளக்கக் குறிப்புகள் இருந்தன. 2004-இல் சேர்த்த வரியில் அத்தகைய குறிப்பு எதுவும் இல்லை. மேலும், "அரசு" இருந்த இடத்தில் இங்கு "இந்தியா" இருக்கிறது. அரசின் மீதான வெறுப்பையாவது எழுத்தை வைத்து அளக்க முயலலாம். நாட்டின் மீது ஒருவருக்கு அன்பு குறைந்துவிட்டது என்பதைக் காவல்துறை எதைக் கொண்டு நிறுவும்?

2023 அக்டோபரில் "நியூஸ்கிளிக்" செய்தி இணையதளத்தின் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தா கைதான வழக்கில், தில்லி காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையிலும் இச்சொல் இருந்தது. கைதுக்கான காரணங்கள் எழுத்துமூலம் தரப்படவில்லை என்பதால் கைது செல்லாது என்று கூறி, 2024 மே 15-ஆம் தேதி அவரை விடுவிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அச்சொல்லின் பொருளை ஆராய வேண்டிய தேவை அத்தீர்ப்பில் எழவில்லை.