பேசாத முகத்துக்கு விருது

கூடத்தில் குடும்பமே கூடி நிற்கிறது. மருமகள் ஓர் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். அடுத்த நொடி கேமரா அவளை விட்டுவிட்டு மாமியார், நாத்தனார், வாசலோரம் நிற்கும் வேலைக்காரப் பெண் என்று முகம் முகமாகப் போகிறது. எபிசோடை இழுக்கும் வேலை என்று சொல்லிவிடுகிறோம். இழுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மருமகள் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் அந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். படப்பிடிப்பில் ‘ரியாக்‌ஷன்’ என்று ஒரே சொல்லில் முடிந்துபோகும் இந்த வேலைதான் துணை நடிகையின் முழுநேரத் தொழில்.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தைச் சூப் கிண்ணத்தோடு ஒருமுறை, சவப்பெட்டியோடு ஒருமுறை ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் முதலில் பசியையும் அடுத்து துக்கத்தையும் அந்த முகத்தில் கண்டார்களாம். இரண்டு இடத்திலும் முகம் ஒன்றுதான். முன்னும் பின்னும் வருவதை வைத்து அதற்குப் பொருள் ஏற்றியது பார்த்தவர்களின் மனம்.

சினிமாவில் அந்த ‘முன்’ என்பது சில நிமிடங்களுக்கு முந்தைய காட்சியாக இருக்கும். சீரியலில் அது பத்து வருடத்துக்கு முன்னால் நடந்ததாகவும் இருக்கலாம். தொடர்ந்து பார்க்கும் ரசிகைக்கு அந்தப் பாத்திரத்தின் பழைய கணவன், இறந்த குழந்தை, தீராத பகை எல்லாம் நினைவில் இருக்கின்றன. 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், திரையில் தொடர்ந்து காணும் மனிதரோடு பார்வையாளருக்கு உண்டாகும் ஒருவழி உறவைப் பற்றி எழுதினார்கள். நேரில் பழகியவரைப் போலவே அவரை நினைக்கிறோம், அவருக்காகக் கவலைப்படுகிறோம், அவருக்கோ நம்மைத் தெரியாது. இந்த உறவு அன்றாடம் வளர்வதற்கு நெடுந்தொடரைவிட வசதியான இடம் வேறு இல்லை. நல்ல துணை நடிகை அதனால்தான் முகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதில்லை. நாம் நிரப்பிக்கொள்ளக் கொஞ்சம் இடம் விடுகிறார்.

இதன் உச்சத்தைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டும். பிபிசியின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ 1985 பிப்ரவரி 19 அன்று தொடங்கியது. கிழக்கு லண்டனில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட வால்ஃபர்ட் பகுதியின் கதை. படப்பிடிப்பு நடப்பது நகரின் வடக்கு எல்லையைத் தாண்டி, எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ வளாகத்தில் போட்ட செட்டில். அந்த ஆண்டு ஜூலையில், நிக் காட்டன் என்ற போக்கிரியின் அம்மாவாக ஜூன் பிரவுன் வந்து சேர்ந்தார். பாத்திரத்தின் பெயர் டாட். சலவைக் கடையில் வேலை, விரலிடுக்கில் ஓயாத சிகரெட், வாயில் பைபிள் வசனம். ஊரார் கதையை நின்று கேட்பதே அவளுக்கு வேலை.

2008 ஜனவரி 31 எபிசோடில் அந்த டாட்டைத் தவிர வேறு யாருமே இல்லை. டாட்டின் கணவராக நடித்த ஜான் பார்டன் முந்தைய ஆண்டு நிஜமாகவே பக்கவாதத்தால் விழுந்திருந்தார். கதையிலும் அப்படியே ஆக்கினார்கள். டாட் வீட்டில் தனியே உட்கார்ந்து, மருத்துவமனையில் இருக்கும் கணவருக்காக ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்கிறாள். போர்க்காலத்தில் லண்டனிலிருந்து குழந்தைகளை வெளியூருக்கு அனுப்பியபோது தான் போய் இருந்த வீட்டைச் சொல்கிறாள். கணவரை ஏன் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு மெல்ல மெல்ல வருகிறாள். அரை மணி நேரம் ஒரே முகம், எதிரே ஒரு ரெக்கார்டர். இருபது வருடங்களுக்கு மேல் பிறரைக் கேட்டுக் கேட்டுத் தேர்ந்த ஒருவர், தன் பேச்சுக்குத் தானே ரியாக்‌ஷன் கொடுத்துக்கொள்கிறார். பிரிட்டிஷ் சீரியல் வரலாற்றில் ஒரே ஒருவர் நடித்த முதல் எபிசோட் இது. இதற்காக 2009இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கான சிறந்த நடிகைப் பட்டியலில் ஜூன் பிரவுன் பெயர் வந்தது. அப்போது அவருக்கு 82 வயது. விருது வேறொருவருக்குப் போனது.

அந்த ஆண்டுவரை பாஃப்டா தொலைக்காட்சி விருதுகளில் துணை நடிகைக்கு என்று தனிப் பிரிவு கிடையாது. 2010இல்தான் வந்தது. பகல் நேரத் தொடர்களின் தாய்வீடான அமெரிக்கா இதில் வெகுவாக முந்திக்கொண்டது. பகல் நேர எம்மி விருதுகள் 1974இல் தொடங்கின. 1979இல் துணை நடிகைக்கான விருதை ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடரின் சூசன் ரோஜர்ஸ் பெற்றார். 1973இல் அவர் ஏற்ற மேகி என்ற பாத்திரம் அரை நூற்றாண்டு கடந்தும் அவரிடமே இருந்தது. ஒரு முகத்தின் மேல் இத்தனை வருட நினைவைச் சேர்த்து வைக்க வேறு எந்தக் கலை வடிவத்தால் முடியும்?

சிக்கல் ஒன்று உண்டு. எம்மி நடுவர்கள் பார்ப்பது தேர்ந்தெடுத்து அனுப்பப்படும் காட்சிகளை. அப்படி அனுப்புகிறவர்கள் அழுகை, ஆவேசம், நீள வசனம் உள்ளதைத்தானே எடுப்பார்கள்? வாசலோரம் வாய் திறக்காமல் நின்ற நாள் அந்தத் தொகுப்பில் ஏறுவது கடினம். நம் சின்னத்திரை விருதுகளிலோ சிறந்த மாமியார், சிறந்த மருமகள் என்று உறவுக்கே பட்டம் கிடைத்துவிடுகிறது. எந்தக் காட்சிக்காகக் கொடுத்தார்கள் என்று மேடையில் சொல்லிக் கேட்பது அரிது.

விருது கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். துணை நடிகையின் பெயரை அறிவிக்கும் முன், அவர் ஒரு வார்த்தையும் பேசாத ஒரு காட்சியை அரங்கில் போட்டுக் காட்டுங்கள்.