அகலப் பாதையும் குறுகிய கணக்கும்

சென்ற வாரம் நம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்றான். "அகல ரயில் பாதைதான் சிறந்தது என்கிறார்களே, ஸார்! அப்படியானால் நம் ஊர்ப் பக்கத்தில் முதலிலேயே ஏன் அகலமாகப் போடவில்லை?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்கோ சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை, "முதலில் அகலமாகத்தான் போட்டார்கள், அப்பா!" என்பதே.

1862-ம் வருஷத்துக்குள் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வரையில் போடப்பட்ட இருப்புப் பாதை அகலப் பாதைதான். 1870-களில் அதைப் பெயர்த்துவிட்டு மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். 1992-ம் வருஷத்தில் தேசமெங்கும் ஒரே அகலம் என்ற திட்டம் வந்த பிறகு, அந்த மார்க்கத்தை மீண்டும் அகலமாக்கினார்கள். ஒரே பாதைக்கு மூன்று முறை செலவு! அந்தச் செலவை ஏற்றவர்கள் யார் என்று விசாரித்தால், தேசத்தின் பொருளாதார சரித்திரமே கண்முன் விரிகிறது.

1853-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி பம்பாயிலிருந்து தாணாவுக்கு 21 மைல் தூரம் முதல் பிரயாணி ரயில் ஓடியது. தென்னாட்டில் 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் புகைவண்டி புறப்பட்டது. முன்னதாக கவர்னர்-ஜெனரலாயிருந்த டல்ஹவுஸி பிரபு, இங்கிலாந்தில் வழங்கிய 4 அடி 8½ அங்குல அகலம் இந்நாட்டுக்குப் போதாது என்று கருதினார். 6 அடி வேண்டுமென்பது அவர் அபிப்பிராயம். கடைசியில் 5 அடி 6 அங்குலம் என்று முடிவாயிற்று.

பாதை போட்டவை இங்கிலாந்தில் மூலதனம் திரட்டிய கம்பெனிகள். அவற்றுக்கு சர்க்கார் நிலத்தை இலவசமாகக் கொடுத்தது. அது மட்டுமா? போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி கிடைக்கும் என்று உத்தரவாதமும் அளித்தது. ரயிலில் லாபம் வந்தால் பங்குதாரருக்கு; லாபம் குறைந்தால் குறைந்த தொகையை இந்திய மக்களின் வரிப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும்! வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரரை நியமித்து, "செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், எவ்வளவு ஆனாலும் உம்முடைய கூலி நிச்சயம்" என்று சொன்னால் நெய் எப்படி ஓடும் என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். இங்கேயும் அப்படித்தான் ஓடியது. இந்திய சர்க்காரின் நிதி மந்திரியாயிருந்த மாஸி என்பவரே 1872-ல் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன், பணம் கட்டிடமாயிற்றா ஹூக்ளி நதியில் போயிற்றா என்பது பற்றி முதல் போட்டவருக்குக் கவலையில்லை என்ற கருத்தில் சாட்சியம் கூறினார். தாதாபாய் நௌரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தரும் இந்தக் கணக்கைத்தான் தேசத்தாருக்கு எடுத்துக் காட்டினார்கள்.

செலவு கை மீறிய பிறகு சர்க்கார் விழித்துக் கொண்டது. மேயோ பிரபு வைசிராயாயிருந்த காலத்தில், சர்க்காரே சொந்தத்தில் சிக்கனமாகப் பாதை போடுவதென்றும், அதற்கு மீட்டர் அகலம், அதாவது 3 அடி 3⅜ அங்குலம், போதுமென்றும் தீர்மானமாயிற்று. அதில் நியாயமும் இருந்தது. குறுகிய பாதைக்கு இலேசான தண்டவாளம் போதும், நிலம் குறைவு, மலைச்சரிவில் சட்டென்று வளையவும் வளையும். நீலகிரியில் மீட்டர் பாதையில் இன்றும் ஊர்ந்து ஏறும் சிறு ரயிலைக் கண்டவர்களுக்கு அது விளங்கும்.

ஆனால் போடும் செலவு ஒரு நாளில் முடிந்துவிடும். ஓட்டும் செலவு என்றைக்கும் முடியாது. இரண்டு அகலங்களும் சந்திக்கும் ஸ்டேஷன்களில், ஒரு வண்டியிலிருந்த மூட்டைகளையெல்லாம் இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. இறக்கு கூலி, ஏற்று கூலி, நாள் கணக்கில் தாமதம், வழியில் சிந்தியது, கை போனது எல்லாம் சரக்கின் விலையில் ஏறின. ஒரு பக்கம் வண்டி காலியாக நிற்க, மறு பக்கம் சரக்கு வண்டிக்காகக் காத்துக் கிடக்கும். திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்குப் போகும் குடும்பம் எழும்பூரில் இறங்கி, குழந்தை குட்டி, கூஜா, படுக்கை சகிதம் ஜட்கா பிடித்து சென்ட்ரலுக்கு ஓடிய வேடிக்கையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஜட்கா வாடகை எந்த எஞ்சினீயருடைய திட்டக் கணக்கிலும் ஏறவில்லை.

இன்னொரு கணக்கும் தவறியது. இந்த நாட்டு ஜனங்கள் ஏழைகள். அவர்கள் எங்கே ரயிலேறப் போகிறார்கள். சரக்கில்தான் வருமானம் என்று 1845-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்கள் எண்ணினார்கள். நடந்ததோ வேறு. பிரயாணிகள் வருமானத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் மூன்றாம் வகுப்பு ஜனங்கள்தான். கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது நெருக்கடியும் அழுக்கும். 1917-ல் காந்தியடிகள் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தின் அவதியைப் பற்றித் தனியாகவே எழுத நேர்ந்தது. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல்தான் ஒழிந்தது.

ரயிலால் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போகும் மாட்டு வண்டியை நம்பி ஒரு பெரிய தேசம் வாழ முடியாது. ஆனால் மாட்டு வண்டிக்கும் ஒரு பெருமை உண்டு. அது வயலில் ஏற்றிய மூட்டையை வாசலில் இறக்கும். நடுவில் கை மாறாது. அதனால்தான் ரயில் வந்த பிறகும் ஸ்டேஷன் வாசலில் அதற்கு வேலை இருந்தது. பிற்காலத்தில் லாரி ரயிலோடு போட்டி போட்டதும் அந்தப் பெருமையின் பலத்தில்தான்.

பழங்கதை இத்துடன் முடியவில்லை. மும்பைக்கும் ஆமதாபாதுக்கும் இடையில் 2017-ல் அடிக்கல் நாட்டப்பட்ட அதிவேக ரயிலுக்கு, டல்ஹவுஸி வேண்டாமென்ற அதே 4 அடி 8½ அங்குல அகலமே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வண்டி நம் அகலப் பாதையில் ஓடாது. நம் வண்டி அந்தப் பாதையில் ஓடாது. செலவில் பெரும்பகுதி ஜப்பானின் கடன். வட்டி மிகச் சொற்பம். தவணை 50 வருஷம். அன்றைய 5 வீத உத்தரவாதத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்தான். ஆனாலும் 50 வருஷத்தில் யென்னுக்கும் ரூபாய்க்கும் உள்ள விகிதம் மாறினால் பாரம் யாருடையது என்று கேட்பது குற்றமாகாது. அன்று கேட்க நமக்கு உரிமையில்லை, இன்று இருக்கிறது.

புது வாகனம் எதுவானாலும் வேகத்தை வியப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுமென்று அந்தச் சிறுவனுக்குச் சொன்னோம். நஷ்டம் வந்தால் யார் கொடுப்பது? மூட்டை எந்த இடத்தில் கை மாறுகிறது? கடைசி வகுப்பில் ஏறுகிறவனுக்கு உட்கார இடம் உண்டா?

பையன் மூன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டான்.